சேர்வராயன் மலைப் பல்லிகளும் குஞ்சுகளின் கோணல் கால்களும்

முட்டையோட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும் பல்லிக்குஞ்சுக்கு அந்த நிமிடமே நான்கு கால்களும் வேலை செய்தாக வேண்டும். பெரும்பாலான இனங்களில் தாய்ப்பல்லி முட்டையிட்டதோடு விலகிவிடும். ஊட்டவோ காக்கவோ யாரும் கிடையாது. எறும்பு, பூரான், சிலந்தி, பெரிய பல்லி ஆகிய எல்லாவற்றிடமிருந்தும் குஞ்சே தப்பி ஓட வேண்டும். அதனால் கால் வளைந்து பிறந்த பல்லிக்குஞ்சைக் காட்டில் காண்பது அரிது. அது நெடுநேரம் உயிரோடு இருப்பதில்லை. பெட்டியில் பல்லி வளர்ப்பவர்களுக்கோ இந்தக் காட்சி பழக்கமானது. தொடையெலும்பு வில்லாக வளைந்து, வயிற்றைத் தரையில் தேய்த்தபடி நகரும் குஞ்சு ஒரு வகை. பின்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, எழ முயலும்போதெல்லாம் சறுக்கி விழும் குஞ்சு இன்னொரு வகை. பல்லி முட்டை பாறையிடுக்கை விட்டுப் பெட்டிக்குள் வந்த வரலாறும் இந்த ஊனத்தின் வரலாறும் வேறு வேறல்ல. தென்னிந்தியாவில் மலைப்பல்லிகள் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இடங்களில் ஒன்று சேர்வராயன் மலை. அதனால் அங்கிருந்து தொடங்குவதே முறை.

சேலத்துக்கு வடக்கே சுவர்போல் எழும் இம்மலை, சார்னோகைட் என்னும் கருமை கலந்த கடும்பாறையால் ஆனது. உச்சியில் சில இடங்களில் பாக்சைட் படிந்திருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும், சேர்வராயன் கோயில் 1,623 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. நாகலூர் போன்ற மலைக் கிராமங்களைச் சுற்றிக் காப்பித் தோட்டமும், சில்வர் ஓக் மரமும், மரத்தில் படரும் மிளகுக் கொடியும்தான் இன்று கண்ணுக்குத் தெரிகின்றன. இந்தக் காப்பி 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் மலைக்கு வந்தது. அதற்கு முன்பு இங்கே இருந்தது சோலைக்காடும், மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை விதைத்த நிலங்களும். நிலத்தின் முகம் இத்தனை மாறியும் மாறாமல் கிடப்பவை பாறைகளும் உதிர்ந்த கற்களும்தான். மலைப்பல்லிகளின் வீடு அவைதான்.

அந்தக் கற்களைப் புரட்டிப் பார்த்து எழுதி வைத்தவர் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் (1830–1911). சென்னை ராணுவத்தில் அதிகாரியாக வந்தவர். புதிதாக அமைந்த வனத்துறையில் ஹியூ கிளெக்ஹார்னின் உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் அத்துறைக்கே தலைவரானார். பெரணிகளைப் பற்றியும் மரங்களைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் இன்றும் தாவரவியலாளர்களுக்கு வேண்டியிருக்கின்றன. பாம்பு, பல்லி, தவளை மேலும் அவருக்கு அதே ஈடுபாடு இருந்தது. 1870-இல் சென்னையிலிருந்து வந்த ஒரு மருத்துவ மாத இதழில் அவர் சென்னை மாகாணத்தின் புதிய பல்லிகள் சிலவற்றை விவரித்தார். ஏற்காட்டைச் சுற்றிக் கற்களுக்கடியில் கிடைத்த, வாலில் ஆரஞ்சு நிறம் கொண்ட ஒரு சிறு பல்லியும் அவற்றுள் ஒன்று. ஹெமிஃபில்லோடாக்டிலஸ் ஔரண்டியாகஸ் என்பது அதன் இன்றைய அறிவியல் பெயர். மருத்துவ இதழில் பல்லி என்ன செய்கிறது என்று இன்று தோன்றலாம். அக்காலத்துச் சென்னையில் உயிரியலுக்கெனத் தனி இதழ்கள் அரிது; கிடைத்த இடத்தில் அச்சிட்டார்கள்.

இந்தப் பல்லியைச் சற்று அருகில் பார்க்க வேண்டியிருக்கிறது. உடல் ஒல்லி, கால்கள் குட்டை. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு பாதத்திலும் நான்கு விரல்கள் நன்றாக வளர்ந்து, அடியில் ஒட்டும் தகடுகளோடு இருக்கும். ஐந்தாவதாகிய உள்விரல் மட்டும் வெறும் மொட்டுப்போல் சுருங்கி, நகமில்லாமல் நிற்கும். முதன்முறை பார்ப்பவர் இதை ஊனம் என்றே எண்ணுவார். உண்மையில் இந்தப் பேரினம் முழுவதற்கும் உரிய இயல்பு அது. அதே மலைப் பாறைகளில் பகலில் திரியும் நெமாஸ்பிஸ் வகைப் பல்லிகளுக்கோ ஒட்டும் தகடு கொண்ட அகன்ற விரல்களே கிடையாது. மெலிந்து வளைந்த விரல்களும் கூரிய நகமும்தான். ஒரு பல்லியின் கால் சரியாக இருக்கிறதா என்று சொல்வதற்கு முன் அது எந்த இனம், அந்த இனத்தின் கால் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த அறிவு சேர்வராயன் மலைப் பல்லிகளைப் பொறுத்தவரை மிக மெதுவாகத்தான் சேர்ந்தது.

பெட்டோமின் ஆரஞ்சு வால் பல்லியை 1935-இல் ஊர்வன ஆய்வாளர் மால்கம் ஸ்மித் வேறொரு பரவலான இனத்தின் கிளையாகவே வைத்தார். அந்த மற்ற இனத்தில் ஆணே கிடையாது. பெண்கள் தாமாகவே முட்டையிட்டுப் பெருகும். சேர்வராயன் பல்லியில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. 1999-இல் ஆரன் பாவரும் இந்திரனீல் தாஸும் அது தனி இனம்தான் என்று நிலைநாட்டினார்கள். அதே இருவர் 2000-இல் ஏற்காட்டின் பெயரால் நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்ற பகல்பல்லியை விவரித்தனர். 2019-இல் அக்ஷய் காண்டேகர், நிகில் கைத்தொண்டே, இஷான் அகர்வால் ஆகியோர் இதே மலைத்தொகுதியிலிருந்து மேலும் இரண்டு நெமாஸ்பிஸ் இனங்களை அறிவித்தார்கள். அவற்றில் ஒன்று மலையின் பெயரையே தாங்கியிருக்கிறது. பெரும்பாலும் ஒரே மலையை ஒட்டி வாழும் உயிர்கள் இவை. இன்னொரு மலைக்கு அவை தாமாகப் போவதில்லை.

இவற்றின் முட்டை இருக்கும் இடமே அடைகாக்கும் கருவி. வீட்டுப் பல்லிகள் போலவே மலைப்பல்லிகளும் பெரும்பாலும் ஒரு முறைக்கு இரண்டு முட்டை இடும். இட்ட வேளையில் ஓடு மெத்தென்றிருக்கும். சிறிது நேரத்தில் காற்றுப்பட்டு இறுகிச் சுண்ணாம்புத் துண்டுபோல் கடினமாகிவிடும். பாறைப் பிளவிலோ மரப்பட்டைக்கு அடியிலோ ஒட்டிக்கொண்ட முட்டை பிறகு அசைவதில்லை. இந்த அசையாமை முக்கியம். கோழி தன் முட்டையை அலகால் உருட்டிக்கொண்டே இருக்கும். பல்லி முட்டையிலோ கரு, இட்ட சில நாளுக்குள் ஓட்டின் மேற்புறத்தோடு பொருந்திவிடும். அதற்குப் பின் தலைகீழாகப் புரட்டினால் கரு சாகலாம், குலையலாம். வெளியே சேலம் சமவெளி கோடையில் 40 டிகிரியைத் தொடும்போதும் ஏற்காட்டின் வெயில் 30 டிகிரியை ஒட்டியே நிற்கும். கனத்த சார்னோகைட் பாறையின் உட்பிளவில் அந்த ஏற்ற இறக்கமும் இன்னும் தணிந்துவிடும். அந்தத் தணிந்த சூட்டுக்கே இந்த மலைப் பல்லிகளின் முட்டைகள் பழகியவை.

முட்டைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வருகிறது என்பதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். டியூப் லைட்டுக்கு அருகில் ஒட்டியிருக்கும் பெண்பல்லியின் கழுத்தின் இருபுறமும், சில சமயம் தோல் வழியே வெள்ளையாகத் தெரியும்படி, இரண்டு வீக்கங்கள் இருக்கும். கட்டி என்று பலர் நினைப்பார்கள். உள்காதோடு இணைந்த சுண்ணாம்புச் சேமிப்புப் பைகள் அவை. முட்டை ஓடு கட்டும் காலத்தில் பைகள் கரைந்து இரத்தத்தில் கால்சியம் சேரும். கருவின் எலும்புக்கான கால்சியத்தின் பெரும்பகுதி மஞ்சள்கருவில் முன்கூட்டியே வைக்கப்படுகிறது. எனவே குஞ்சின் கால் உறுதியா இல்லையா என்பதில் பாதி, முட்டை இடப்படும் முன்பே முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதியை முட்டை கிடக்கும் இடத்தின் சூடும் ஈரமும் முடிவு செய்கின்றன.

தமிழர் பல்லியோடு நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறார்கள், வளர்த்ததில்லை. அகநானூற்றிலும் நற்றிணையிலும் பல்லியின் சத்தம் நிமித்தமாகக் கேட்கப்படுகிறது. பல்லி விழும் பலன் இன்றும் பஞ்சாங்கத்தில் அச்சாகிறது. கௌளி சாஸ்திரம் என்றே அதற்குத் தனி நூல்கள் உண்டு. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் கூரையிலுள்ள தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்க இன்றும் வரிசை நிற்கிறது. இத்தனை கவனத்திலும் பல்லியைப் பிடித்து அடைத்து வைக்கும் வழக்கம் மட்டும் உருவாகவில்லை. சாமிப் படத்தின் பின்னாலும் மீட்டர் பெட்டிக்குள்ளும் ஒட்டியிருக்கும் முட்டைகளை யாரும் எடுத்து வைத்துப் பொரிக்கவில்லை. அதனால் குஞ்சின் கால் கோணும் சிக்கலும் இங்கே எழவில்லை. அது வேறு முட்டைகளின் வழியாக மனிதருக்குத் தெரியவந்தது.

அந்த முட்டைகள் கோழி முட்டைகள். பாரிஸில் 1820-களில் எத்தியேன் ஜெஃப்ருவா செந்திலேர் கோழி முட்டைகளைக் குலுக்கியும், ஓட்டில் மெழுகும் வார்னிஷும் பூசியும் அடைகாக்க வைத்தார். ஊனமான குஞ்சுகள் உருவாயின. தெய்வக் குற்றமோ தாயின் கற்பனையோ இல்லாமலே, முட்டைக்கு நேர்ந்த புறக்காரணம் ஊனத்தைத் தரும் என்று காட்டிய முதல் சோதனைகளில் அவை அடங்கும். அவர் வழியில் வந்த கமீல் தாரேஸ்த் வெப்பத்தையே கருவியாக்கினார். சூட்டைக் கூட்டியும் குறைத்தும், ஓட்டின் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கியும் அவர் கண்ட முடிவுகள் 1877-இல் நூலாயின. இன்று பல்லி வளர்ப்பவர் இன்குபேட்டரின் சூட்டைக் கவலையோடு பார்க்கிறார் என்றால், அந்தக் கவலைக்கு அடிப்படை இட்டவர் தாரேஸ்த் என்று சொல்லலாம்.

எலும்பு மென்மையாவதன் காரணம் தெரிய இன்னும் ஒரு தலைமுறை ஆனது. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் சிங்கக் குட்டிகள் கால் வளைந்து செத்துக்கொண்டிருந்தன. எலும்பில்லாத இறைச்சி மட்டுமே அவற்றுக்குத் தீனி. 1880-களின் இறுதியில் ஜான் பிளாண்ட்-சட்டன் என்ற மருத்துவர் பாலும், நொறுக்கிய எலும்பும், காட் மீன் ஈரல் எண்ணெயும் கொடுக்கச் சொன்னார், குட்டிகள் தேறின. ஏன் தேறின என்பது அப்போது யாருக்கும் புரியவில்லை. 1919-இல் எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளில் உணவுக் குறையால் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு மென்மை நோயை வரவழைத்துக் காட்டினார். அதே ஆண்டு பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி ரிக்கெட்ஸ் கண்ட குழந்தைகளைப் புறஊதா விளக்கின் ஒளியாலேயே குணமாக்கியதை வெளியிட்டார். 1922-இல் எல்மர் மெக்கொல்லம் ஈரல் எண்ணெயிலுள்ள பொருளுக்கு வைட்டமின் டி என்று பெயர் வைத்தார். எண்ணெயும் வெயிலும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று தெளிவான பிறகுதான், கூரைக்குள் வளர்க்கப்படும் எந்தக் குஞ்சுக்கும் கால் ஏன் கோணுகிறது என்று விளங்கத் தொடங்கியது.

இதை உடனே பயன்படுத்திக்கொண்டவர்கள் கோழிப்பண்ணையாளர்கள். வெயில் படாமல் வளர்ந்த கோழிக்குஞ்சுகளின் கால் தளர்ச்சி 1920-களில் ஈரல் எண்ணெயால் தீர்ந்தது. 1936-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்கஸ், நாரிஸ், ஹியூசர் ஆகியோர், தசைநாண் கணுக்கால் மூட்டை விட்டு விலகிக் கால் திருகிப்போகும் நோய்க்கு மாங்கனீசுக் குறைவே காரணம் என்று காட்டினர். சேர்வராயன் மலைக்குத் தெற்கே சற்றுத் தொலைவிலிருக்கும் நாமக்கல் இன்று நாட்டின் பெரிய முட்டை மண்டலங்களில் ஒன்று; அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-இல் தொடங்கியது. கால் விரிந்த குஞ்சு என்றால் என்ன, வழுக்கும் தட்டில் குஞ்சு பொரிந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் இந்த வட்டாரத்துப் பண்ணைகளில் நன்கு தெரிந்த விஷயம். பல்லி வளர்ப்பில் இன்று எழுதப்படும் அறிவுரைகளில் பாதி, கோழிக்குஞ்சிடமிருந்து கடன் வாங்கியவை. அந்தக் கடன் முழுவதும் பொருந்தாது என்பதை வளர்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்: முட்டையைத் திருப்பி வைப்பது கோழிக்கு நல்லது, பல்லிக்குக் கேடு.

பெட்டிக்குள் வந்த முதன்மைப் பல்லியும் இந்தியத் துணைக்கண்டத்தையே சேர்ந்தது. பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில் கிடைத்த, புள்ளி போட்ட, இமையுள்ள ஒரு தரைப்பல்லியைக் கல்கத்தா ஆசியச் சங்க அருங்காட்சியகத்தின் எட்வர்ட் பிளைத் 1854-இல் விவரித்தார். லெப்பர்ட் கெக்கோ என்று இன்று உலகெங்கும் விற்பது இதுதான். 1970-களில் அமெரிக்காவில் இது பெட்டியிலேயே முட்டையிட்டுப் பெருகத் தொடங்கியது. 1980-இல் முட்டையின் சூடே இதன் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பதாக எர்னஸ்ட் வாக்னர் பதிவு செய்தார். ஏறக்குறைய 26 டிகிரியில் பெண், 32.5 டிகிரியை ஒட்டிப் பெரும்பாலும் ஆண், 34 டிகிரிக்கு மேல் மறுபடி பெண் என்று பின்வந்த ஆய்வுகள் சொல்லின. தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான வேலை நடந்தது. ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் வடநெம்மேலியில் நிறுவிய சென்னை முதலைப் பண்ணையில், சதுப்பு முதலை முட்டைகளை வெவ்வேறு சூட்டில் வைத்து ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் மூவரும் 1989-இல் முடிவுகளை வெளியிட்டனர். 31 டிகிரி வரை பெண்களும், 32.5 டிகிரியில் ஆண்களும் பிறந்தன.

வியாபாரம் இந்த அறிவை உடனே பிடித்துக்கொண்டது. எந்தப் பால் விலை போகிறதோ அதற்கேற்ப இன்குபேட்டரைத் திருகினார்கள். தாங்கும் எல்லையை ஒட்டிய சூட்டில் கரு வேகமாக வளரும். அதற்குப் பின்னால் எலும்பு ஓடிவர முடியாமல் போகும். கோணல் கால், குறைந்த விரல், வளைந்த முதுகெலும்பு எல்லாம் இப்படி வந்தவை. லெப்பர்ட் கெக்கோவின் முட்டை வீட்டுப் பல்லியின் முட்டைபோல் இறுகாது. தோல்போல் மென்மையாக இருந்து, சுற்றியுள்ள மண்ணிலிருந்து நீரை உறிஞ்சிப் பருக்கும். மண் காய்ந்தால் முட்டை சுருங்கிக் கரு நெருக்குண்ணும். ஈரம் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும். வீட்டுச் சுவரில் காய்ந்து கிடக்கும் பல்லி முட்டையைப் பார்த்துப் பழகியவர் அதே கண்ணோடு இதை நடத்தினால் குஞ்சு தப்பாது.

தாயின் தீனி இரண்டாவது காரணம். பெட்டிப் பல்லிக்குப் போடும் மாவுப்புழுவிலும் சில்வண்டிலும் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் அதைவிடப் பல மடங்கு குறைவு. ஒரே பருவத்தில் பல ஈடு முட்டையிடும் பெண்பல்லியின் கழுத்துப் பை காலியாகும். அடுத்துத் தன் எலும்பையே கரைத்து முட்டைக்குக் கொடுக்கும். கடைசி ஈட்டுக் குஞ்சுகள் ரப்பர்போல் வளையும் தாடையோடும் கால்களோடும் வெளிவரும். இரையின் மேல் கால்சியப் பொடி தூவும் பழக்கம் இதனால்தான் வந்தது. 1990-களில் ஊர்வனவற்றுக்கெனப் புறஊதா டியூப் விளக்குகள் கடைக்கு வந்தன. இரவில் திரியும் பல்லிக்கு வெயில் எதற்கு என்ற கேள்விக்கு 2000-இல் வந்த ஓர் ஆய்வு பதில் சொன்னது: மத்தியத்தரைக்கடல் வீட்டுப் பல்லியின் தோல், பகலில் வெயில் காயும் ஒரு பல்லியின் தோலைவிடக் குறைந்த ஒளியில் கூடுதலாக வைட்டமின் டி செய்கிறது. மாலையில் இடுக்கிலிருந்து தலை நீட்டும் சில நிமிடங்களே அதற்குப் போதுமாயிருக்கிறது. இருட்டுப் பெட்டியில் அந்தச் சில நிமிடங்களும் இல்லை.

சத்து மிகுந்தாலும் கேடுண்டு. 1992-இல் புவனேசுவரம் உத்கல் பல்கலைக்கழகத்தின் பிரியம்பதா மொஹந்தி-ஹெஜ்மாதியும் அவர் குழுவினரும், வால் வெட்டிய தலைப்பிரட்டைகளை வைட்டமின் ஏ கலந்த நீரில் வளர்த்தபோது வால் இருந்த இடத்தில் கால்கள் முளைத்ததை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். கால் எங்கே, எத்தனை, எப்படி என்று கருவுக்குச் சொல்லும் குறிப்புகளில் வைட்டமின் ஏ-வுக்கு இத்தனை பங்கு உண்டு. அளவு தெரியாமல் சத்துப் பொடியைக் கொட்டும் வளர்ப்பாளருக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை இல்லை. நிறத்துக்காக நெருங்கிய உறவுகளைச் சேர்த்துப் பெருக்குவதும் இதே வரிசையில் வரும். லெமன் ஃப்ராஸ்ட் என்ற மஞ்சள் வகை லெப்பர்ட் கெக்கோவில் நிறத்தைத் தரும் மரபணு மாற்றமே தோல் கட்டிகளையும் தருகிறது என்று 2021-இல் கண்டுபிடிக்கப்பட்டது. வால் போனால் பல்லிக்கு மறுபடி முளைக்கும். கால் அப்படி முளைப்பதில்லை. மெல்லிய எலும்பு பிறகு கால்சியத்தால் உறுதிப்படலாம், ஆனால் வளைந்தபடியே உறுதிப்படும். உரிந்த தோல் விரலில் வளையமாகச் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்தினால் விரலும் உதிரும். அது பிறவி ஊனம் அல்ல, ஈரம் போதாத பெட்டியின் ஊனம்.

ஊர்வனவற்றைப் பெட்டியில் வளர்க்கும் இந்தப் பழக்கம் தமிழ்நாட்டுக்கு விமானத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் சென்னை விமான நிலையச் சுங்கத் துறையினர் பாங்காக்கிலிருந்து வந்த பயணியின் பெட்டியில் குரங்கும் பாம்புகளும் ஆமைகளும் அடைந்து கிடந்ததைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். வெளிநாட்டு அரிய இனங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும், பிறப்பையும் தெரிவிக்க வேண்டும் என்ற விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. நம் காட்டுப் பல்லிகளுக்கு நேர்ந்த ஆபத்தும் சிறிதல்ல. தன் நாக்கு நோயைத் தீர்க்கும் என்ற வதந்தியால் வேட்டையாடப்பட்ட டோக்கே பல்லி 2019-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. பெட்டோம் 1870-இல் திருப்பதி மலையிலிருந்து விவரித்த பொன் பல்லி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பைப் பெற்றது. பல பெண்பல்லிகள் ஒரே பாறையில் முட்டை ஒட்டிவைக்கும் இனம் அது, ஒரு பாறை போனால் ஊரே போனது போலாகும்.

சேர்வராயன் மலைப் பல்லிகள் பெட்டிக்கு ஏற்றவை அல்ல. அவற்றின் முட்டைக்கு வேண்டிய சூட்டையும் ஈரத்தையும் சரியாகத் தரத் தெரிந்தது அவை ஒட்டிக்கிடக்கும் பாறை ஒன்றுதான். நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்திலோ பாறைமேட்டிலோ கல்லைப் புரட்டுபவர், அடியில் வெள்ளையாக இரண்டு முட்டை தெரிந்தால், அவற்றைத் தொடாமல், திருப்பாமல், கல்லை முன்பிருந்தபடியே மெதுவாக வைத்துவிட வேண்டும்.